சுடுதண்ணி கட்டிய தெரு

என் மனைவியின் அக்காவை, அவர் சலவை வேலை பார்த்த ஆஸ்பத்திரி முழுக்க சுடுதண்ணி என்றுதான் சொல்வார்கள். முதுகுக்குப் பின்னால்தான். முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிடும் தைரியம் யாருக்கும் வந்ததில்லை. கோபம் வந்துவிட்டால் எதிரே நிற்பது பெரிய டாக்டரா, வாசல் காவலாளியா என்று பார்க்காமல் கொட்டிவிடுவார். வேலையில் மட்டும் கதை தலைகீழ். ரத்தக்கறை பட்ட துணியைப் பச்சைத்தண்ணீரில்தான் முதலில் அலச வேண்டும். சூடு பட்டால் கறை துணியோடு ஒட்டிக்கொள்ளும். புதிதாக வந்த யாராவது அவசரத்தில் வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டால், அக்காவின் குரல் மேலே மூன்று மாடிக்கும் கேட்கும்.

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்தது அந்தச் சலவைக்கூடம். ஜன்னல் கிடையாது. ஆள் உயரத்துக்குச் சலவை இயந்திரங்கள், பிழியும் தொட்டி, நடுவில் ஒரு பெரிய இஸ்திரி ரோலர். ரோலரின் ஒரு பக்கம் ஈர விரிப்பைக் கொடுத்தால் மறுபக்கம் சுருக்கமில்லாமல் ஆவி பறக்க வெளியே வரும். கொடுக்கிற ஆள் ஒரு நொடி அசந்தால் துணியோடு கையும் உள்ளே போகும். அந்த ரோலரில் நின்றவர் அக்காவின் தோழி. நல்ல உயரம். அக்கா அவரை ‘நெட்டை’ என்பார். நான் இங்கே நெட்டையக்கா என்று சொல்லிக்கொள்கிறேன். அவருடைய வலது மணிக்கட்டில், வளையல் போடுகிற இடத்தில், ரோலர் போட்ட தழும்பு உண்டு.

ஒரு நாள் காலை வேலைக்குப் போனவர்களால் கீழே இறங்க முடியவில்லை. கதவில் புதுப் பூட்டு. துணியெல்லாம் இனிமேல் லாரியில் ஏறி வெளியே போகுமாம். எங்கோ ஒரு கம்பெனி துவைத்து அனுப்புமாம். நிர்வாகத்திலிருந்து வந்த ஓர் இளைஞர், “இத்தனை வருஷ சேவைக்கு ரொம்ப நன்றிங்க” என்று ஆளுக்கு ஒரு பூந்தொட்டியைக் கையில் கொடுத்தார். அக்கா அந்தத் தொட்டியை அவர் காலடியிலேயே போட்டு உடைத்துவிட்டு வந்தார். மற்ற ஐந்து பெண்களும் தொட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறினார்கள். அந்த ஐந்து பேர் மேலும் அக்காவுக்குக் கோபம்.

“கொடுத்தான்னு வாங்கிட்டு வராளுங்க பாரு, வெட்கம் கெட்டவளுங்க!” என்று அன்று முழுக்கக் கத்தினார்.

அக்கா எங்களோடுதான் இருக்கிறார். கல்யாணம் ஆன புதிதிலேயே கட்டினவனைத் துரத்திவிட்டுத் தங்கை வீட்டுக்கு வந்தவர். அவர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த வரை வீட்டுக்கு வந்தது அவருடைய மிச்சக் கோபம்தான். வேலை போன பிறகு முழுக் கோபமும் எங்களுக்கே. ஜன்னல் திரைகளைக் கழற்றித் துவைத்தார். துவைத்ததையே மறுபடி துவைத்தார். நான் போட்டுக்கொண்டிருந்த சட்டையைக் கழற்றச் சொன்னார். நான் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். நாள் முழுக்கக் காதருகே இயந்திரம் கிறீச்சிடும். அந்த நாட்களில் அந்தச் சத்தம் எனக்குத் தாலாட்டு மாதிரி இருந்தது.

என் மகள்தான் வழி கண்டுபிடித்தாள். கல்லூரியில் படிக்கிறவள்; தன் பழைய கம்ப்யூட்டரைப் பெரியம்மாவின் அறையில் கொண்டுபோய் வைத்தாள்.

“பெரியம்மா, இதுல ஒரு விளையாட்டு இருக்கு. வீடு கட்டலாம், ஆளுங்களைக் குடி வைக்கலாம். அவங்க தூங்குவாங்க, சாப்பிடுவாங்க, வேலைக்குப் போவாங்க. நீங்க மேலேர்ந்து பாத்துக்கிட்டே இருக்கலாம்.”

“நிஜ மனுஷங்களைப் பாத்ததே போதும். இதுல வேறயா?” என்றார் அக்கா. ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

நான் கடையிலிருந்து திரும்பியபோது அந்த அறையிலிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது.

“எங்கடி போச்சு? எங்கேன்னு கேக்கறேன்!”

“என்ன பெரியம்மா?”

“துணி! இவ அழுக்குத் துணியைக் கழட்டிக் கூடையில போட்டா. அது அப்படியே மறைஞ்சு போச்சு. மறுநாள் அதே துணியைப் பளபளன்னு போட்டுக்கிட்டு நிக்கிறா. யாரு துவைச்சா?”

“யாரும் துவைக்கல. விளையாட்டு அப்படித்தான்.”

“யாரும் துவைக்கலையா? அப்படின்னா என்ன அர்த்தம்?” என்று அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். “ஃப்ரிட்ஜைத் திறந்தா சாப்பாடு இருக்கு. யாரு சமைச்சா? காலையில ஒரு கார் வருது, இவ ஏறிப் போறா, சாயங்காலம் கையில காசோட வந்து நிக்கிறா. எங்க போனா? என்ன வேலை செஞ்சா? யாரு குடுத்த காசு? இதை எழுதினவன் வீட்டுல ஒரு நாளாவது ஒரு கோப்பையைக் கழுவியிருப்பானா?”

என் மகள் என்னைப் பார்த்தாள். நான் சட்டையைக் கழற்றி மாட்டுவதுபோல நழுவினேன்.

அந்தக் கோபத்தில் ஆரம்பித்ததுதான் தெரு. இந்த விளையாட்டில் வீடுகளை மட்டுமல்ல, ஒரு பேட்டையையே நம் இஷ்டத்துக்கு உருவாக்கலாம். உருவாக்கியவர்கள் போட்ட சட்டங்களை மாற்றுவதற்கு, விளையாடுகிறவர்களே எழுதி இலவசமாகப் பகிர்ந்துகொள்ளும் சின்னச் சின்ன நிரல்கள் இருக்கின்றன. மாட் என்கிறார்கள். கடை வைக்க ஒரு மாட், கூலி கொடுக்க ஒரு மாட், வாடகை வசூலிக்க ஒரு மாட். என் மகள் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துக் கொடுத்தாள். அக்கா முதலில் ஒழித்தது அந்தக் காரை. இந்தத் தெருவில் இருக்கிறவர்கள் இந்தத் தெருவுக்குள்ளேயேதான் பிழைக்க வேண்டும். அடுத்தது கூடை. அழுக்குத் துணி மறையக் கூடாது. அது கிடக்கும், நாறும், யாராவது தூக்கிக்கொண்டு போய்த் துவைத்தால்தான் சுத்தமாகும்.

ஒரு ரொட்டிக்கடை, ஒரு மாவு மில், ஒரு பள்ளிக்கூடம், ஒரு மருத்துவமனை, அதற்கு எதிரே சலவைக்கூடம். சலவைக்கூடத்துக்கு மட்டும் சுவர் முழுக்க ஜன்னல். மருத்துவமனையில் சுத்தமான விரிப்பு இல்லாத கட்டிலில் நோயாளி படுக்க முடியாது என்று ஒரு விதி. எல்லோரும் குடியிருக்க வரிசையாக வீடுகள். அந்த வீடுகளுக்கெல்லாம் ஒரு சொந்தக்காரர், கடைசியில் இருந்த மாடி வீட்டில்.

முதல் தடவை தெரு படுத்துவிட்டது. ரொட்டிக்கடைக்காரி அடுப்புக்கு முன்னால் மயங்கி விழுந்தாள். மாவு வாங்க அவளிடம் காசில்லை. காசில்லாததற்குக் காரணம் ரொட்டி விற்கவில்லை. ரொட்டி விற்காததற்குக் காரணம் சலவைக்காரிகளுக்குக் கூலி வரவில்லை. மருத்துவமனை அவர்களுக்குக் கொடுக்கவில்லை, ஏனென்றால் நோயாளிகளால் மருத்துவமனைக்குக் கட்ட முடியவில்லை. அக்கா ஒவ்வொரு வீடாகப் போய் அலசினார். நாங்கள் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் உள்ளேயிருந்து ஓர் அலறல்.

“நீச்சல் குளம் வெட்டியிருக்கான்! தெருவே பட்டினியா விழுந்து கெடக்கு, இந்தப் பாவி மாடியில நீச்சல் குளம் வெச்சுக்கிட்டு மெதக்கறான்!”

விஷயம் இதுதான். வாடகையாகப் போன காசெல்லாம் வீட்டுக்காரரிடம் சேர்ந்திருந்தது. அவர் அதை எடுத்து விளையாட்டின் பொருள் பட்டியலிலிருந்து குளம் வாங்கிவிட்டார். பட்டியலில் வாங்கினால் காசு தெருவை விட்டே போய்விடும். யார் கைக்கும் வராது. அக்கா அந்தப் பட்டியலை மூடினார். இனிமேல் மேஜை வேண்டுமா, தெருவில் இருக்கும் தச்சன் செய்ய வேண்டும். குளம் வேண்டுமா, தெருவில் இருக்கும் ஆட்கள் வெட்ட வேண்டும், கூலி கொடுக்க வேண்டும். அடுத்த தடவை வீட்டுக்காரரின் குளத்தை மூன்று பேர் பல நாட்கள் வெட்டினார்கள். அந்த மூன்று பேரும் ரொட்டி வாங்கினார்கள். ரொட்டிக்கடைக்காரி எழுந்து உட்கார்ந்தாள். மாவு மில் ஓடியது. எதிரே மருத்துவமனைக் கட்டில்களில் வெள்ளை விரிப்பு விழுந்தது.

“பாத்தீங்களா மாப்பிள்ளை?” என்றார் அக்கா. வேலை போன பிறகு அவர் முகத்தில் கோபம் இல்லாமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதுவும் அரை நிமிஷம். “ரொட்டி விலையை ஏன்டி ஏத்தறே?” என்று மறுபடி திரையைப் பார்த்துக் கத்த ஆரம்பித்துவிட்டார்.

சலவைக்கூடத்தில் வேலை செய்த ஆறு பேரில் ஒருத்திக்குத் தன் முகத்தையும், மற்ற ஐந்து பேருக்குத் தன் கூட்டாளிகளின் முகத்தையும் கொடுத்திருந்தார். குள்ளமாக ஒருத்தி, கண்ணாடி போட்ட ஒருத்தி, ரோலரில் நெட்டையாக ஒருத்தி. தொட்டி வாங்கிக்கொண்டு போனவர்கள் என்று திட்டிக்கொண்டே ஒவ்வொருத்தி மூக்கையும் காதையும் சரி செய்தார். அவர்களில் யாரிடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவும் இல்லை.

என் மகள் அந்தத் தெருவை, இதே விளையாட்டை ஆடுகிறவர்கள் கூடும் ஓர் இணையக் குழுவில் போட்டாள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எடுத்தார்கள். கொஞ்ச நாளில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் அக்காவுக்கு எழுதினார்கள். என் தெருவில் பள்ளிக்கூடம் மூடிப்போச்சு, என்ன செய்யலாம் என்று ஒருவர் கேட்பார். வாத்தியாருக்குச் சம்பளம் குடுத்தியா முதல்ல, என்று அக்கா பதில் எழுதுவார். என் மகள் அதைக் கொஞ்சம் மரியாதையாக மாற்றி அனுப்புவாள்.

அப்போதுதான் தொப்பிக்காரன் வந்தான்.

விளையாடிக் காட்டி வீடியோ போடுகிற ஆள் அவன். தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, எதற்கெடுத்தாலும் விழுந்து விழுந்து சிரிப்பான். அவனைப் பார்க்க லட்சக்கணக்கில் ஜனம். ஒரு வீடியோவில் அக்காவின் தெருவை எடுத்தான். நாங்கள் நால்வரும் அக்காவின் அறையில் உட்கார்ந்து பார்த்தோம். ஆரம்பத்தில் ஆச்சரியப்பட்டான். மாவு மில்லிலிருந்து ரொட்டிக்கடைக்கு மூட்டை போவதைக் காட்டி, “செமையா இருக்கு இல்ல?” என்றான். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு சலவைக்கூடத்துக்குள் போனான்.

“என்னங்க இது? ஆறு ஆன்ட்டிங்க நின்னு துணி துவைக்கிறாங்க! இதைப் பாக்கறதுக்கா நாம விளையாட வந்தோம்?” என்று சிரித்தான். ஆறு பேரையும் வேலையை விட்டு எடுத்தான். விரிப்பு விதியை நீக்கினான். கூடை மறுபடி அழுக்குத் துணியை விழுங்க ஆரம்பித்தது. சலவைக்கூடத்தை இடித்து அங்கே உடற்பயிற்சிக் கூடம் கட்டினான். வேலை போன ஆறு பேரும் தெருவில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைக் காட்டி, பின்னால் ஒரு சோக இசையைப் போட்டு, அதற்கும் சிரித்தான்.

அக்கா அந்த வீடியோவை முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

மறு வாரம் அந்த மாற்றிய தெருவைத் தன் பெயரில் விற்க ஆரம்பித்தான். ‘போர் அடிக்காத தெரு’ என்று தலைப்பு. கட்டியவர் யார் என்று ஒரு வரி இல்லை. என் மகளுக்கு அழுகை வந்தது. அவனுக்கு எழுதினாள், பதில் இல்லை. குழுவில் முறையிட்டாள், எல்லோரும் ஐயோ பாவம் என்று எழுதினார்கள், அதோடு சரி. அவன் வாரத்துக்கு ஒரு நாள் மாலையில் நேரலையில் பேசுவான்; பார்க்கிறவர்கள் கூப்பிட்டுப் பேசலாம். அக்கா என் மகளின் போனைப் பிடுங்கிக்கொண்டார்.

“வேணாம் அக்கா. வாயைக் குடுத்து மாட்டிக்காதீங்க” என்றேன்.

“நீங்க சும்மா இருங்க மாப்பிள்ளை. என் சலவைக்கூடத்தை ஒருத்தன் பூட்டினது போதாதா? ரெண்டாவது தடவையும் நான் தொட்டியை உடைச்சிட்டு வீட்டுக்கு வரணுமா?”

இணைப்புக் கிடைத்தது.

“வணக்கம், யாரு பேசறீங்க?” என்றான் தொப்பிக்காரன்.

“அந்தத் தெருவைக் கட்டினவ பேசறேன். என் சலவைக்கூடத்தை எதுக்கு இடிச்சே?”

“அய்யோ, அந்த அக்காவா நீங்க!” சிரிப்பு. “சூப்பர் தெரு அக்கா. ஆனா அந்தத் துணி மேட்டர் ரொம்ப போர் அக்கா.”

“போரா? உனக்கு வயித்தைக் கிழிச்சு ஆபரேஷன் பண்ணினா எந்த விரிப்புல படுக்க வெப்பாங்க? அது தானா வெளுத்து வருமாடா?”

“டா போட்டுட்டாங்க மக்களே!” என்று அவன் மேஜையைத் தட்டிச் சிரித்தான். பார்க்கிறவர்கள் எழுதிய வரிகள் திரையில் ஓடின. ஆயிரக்கணக்கானவர்கள் அவனோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா எழுந்து நின்றுவிட்டார். “சிரிக்காதே! அதுல நிக்கிறவங்க பொம்மைங்க இல்ல. ஆறு பேரும் நெஜ மனுஷிங்க. ரோலர்ல நெட்டையா நிக்கிறாளே, அவ கை வெந்து போனப்பக்கூட மறுநாள் வேலைக்கு வந்தவ. ஏன் தெரியுமா? அவ புருஷன் குடிகாரன். சம்பளத்தன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்லயே நின்னு பிடுங்கிக்கிட்டுப் போவான். அவ அடி வாங்கிக்கிட்டு வந்து துவைச்ச துணிலதான்டா ஊரே படுத்து எழுந்துச்சு!”

அவன் ஒரு நொடி சிரிப்பை நிறுத்தினான். பிறகு, “டிராமா செமையா இருக்கு அக்கா, இதையும் மாட் ஆக்கிடலாமா? குடிகாரப் புருஷன் மாட்!” என்றான். இணைப்பைத் துண்டித்துவிட்டான்.

மறுநாள், அந்தப் பேச்சை மட்டும் வெட்டித் தொப்பிக்காரன் போட்ட துண்டு வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. ‘சுடுதண்ணி அக்கா’ என்று யாரோ பெயர் வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் இருந்த யாரோதான் சொல்லியிருக்க வேண்டும். ‘தானா வெளுத்து வருமாடா’ என்பதற்கு மெட்டுப் போட்டு ஆடினார்கள். கண்ணாடிக் கடையில் ஒரு வாடிக்கையாளர் காத்திருந்த நேரத்தில் அதைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய லென்ஸை நான் அன்று இரண்டு முறை பாழாக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. நான் முகத்தில் சவர நுரையோடு நின்றிருந்தேன். கதவு தட்டப்படவில்லை, இடிக்கப்பட்டது. திறந்தால் நெட்டையக்கா.

“எங்கே அவ?”

கைகாட்டினேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனார். நுரையோடு நானும் பின்னாலேயே போனேன்.

“என் வீட்டுக் கதையைச் சொல்ல நீ யாருடி?” என்றார் நெட்டையக்கா. “நான் உன்கிட்ட அழுதேன். ஒரு தோழிகிட்ட அழுதேன். நீ அதை மைக் வெச்சு ஊருக்குச் சொல்லிட்டே. என் பையன் வேலை செய்யற இடத்துல போட்டுப் போட்டுக் காட்டறாங்க. குடிகாரன் மாட்டுன்னு அவனைக் கூப்பிடறாங்க. ரெண்டு நாளா அவன் வேலைக்குப் போகல.”

“நான் அந்தத் தொப்பிக்காரனைத்தான்…” என்று அக்கா ஆரம்பித்தார்.

“தொப்பிக்காரன் உன் தெருவைத் திருடினான்னு குதிச்சியே. நீ என் மூஞ்சியை எடுத்தியே, என்னைக் கேட்டியா? காட்டு. எங்கே இருக்கேன் நான்? காட்டு!”

என் மகள்தான் கம்ப்யூட்டரைத் திறந்தாள். சலவைக்கூடம் வந்தது. ஜன்னல் வழியே வெயில் விழுந்துகொண்டிருந்தது. ரோலரின் முன்னால் நெட்டையாக ஓர் உருவம் விரிப்பைக் கொடுத்துக்கொண்டிருந்தது. நெட்டையக்கா குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“தலைக்கு மேல என்ன அது செகப்பா?”

“அது… அசதி ஆன்ட்டி” என்றாள் என் மகள்.

“எப்ப வீட்டுக்குப் போவேன்?”

என் மகள் பெரியம்மாவைப் பார்த்தாள். மருத்துவமனைக்கு விரிப்பு பற்றவில்லை என்று அக்கா அந்த உருவத்துக்கு இரண்டு ஷிப்ட் வேலையைத் தொடர்ந்து போட்டிருந்தார்.

நெட்டையக்கா நிமிர்ந்தார். இப்போது அவர் கத்தவில்லை.

“கையில சூடு வாங்கி, முதுகு ஒடிஞ்சு, ஒருவழியா அந்தக் குழியிலேர்ந்து வெளியே வந்தேன். கதவைப் பூட்டின அன்னிக்கு நீ தொட்டியை உடைச்சே. நான் பஸ்ல உக்காந்து என்ன நெனச்சேன் தெரியுமா? அப்பாடான்னு நெனச்சேன். காசுக்கு என்ன பண்ணப்போறோம்னு பயந்தாலும், அப்பாடான்னுதான் நெனச்சேன். உன் இஷ்டத்துக்கு ஒரு உலகம் கட்டினியே. அதுலயும் என்னை ரோலர்லதான் நிக்க வெக்கணுமா? எனக்கு வேற எதுவும் தோணலையா உனக்கு?”

அக்காவுக்கு வாய் அடைத்து நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். நெட்டையக்கா போன பிறகு, அந்த மௌனம் உடைந்தபோது அது என் தலையில்தான் உடைந்தது. “மூஞ்சியில நுரையை வெச்சுக்கிட்டு வேடிக்கை பாக்க வந்துட்டீங்களா?” என்று என்னைப் பிடித்துக்கொண்டார். பிறகு என் மனைவியை. அதற்குப் பிறகு திட்ட ஆள் இல்லாமல், கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார். பல நாட்கள் அந்தத் துண்டை எடுக்கவில்லை.

அப்புறம் ஒரு மாலை, “மாப்பிள்ளை, கூட வாங்க” என்றார். நெட்டையக்கா வீட்டுக்குப் போனோம். அவர் கதவைப் பாதிதான் திறந்தார். உள்ளே வாவென்று சொல்லவில்லை.

அக்காவுக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. கதவின் நிலையைப் பார்த்துக்கொண்டு, “நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும்” என்றார்.

“இருந்திருக்கணும்தான்” என்றார் நெட்டையக்கா.

“நான் அவனை நேர்ல பாக்கப் போறேன். புது மொபைல் கடை திறக்க வரானாம். அந்தத் துண்டு வீடியோவை எடுக்கச் சொல்லப்போறேன். நீ வரணும்னு அவசியமில்ல.”

நெட்டையக்கா யோசித்தார். “உன்மேல இன்னும் கோபமாத்தான் இருக்கேன். ஆனா என் பையனைப் பாத்துச் சிரிச்சவன் அவன். அவன்மேல இருக்கிற கோபம் ஒரு பிடி ஜாஸ்தி. அதனால வரேன்.”

ஆறு பேரும் வந்தார்கள். கடை வாசலில் ஒரே கூட்டம், எல்லாம் இளசுகள். தொப்பிக்காரனோடு படம் எடுத்துக்கொள்ள வரிசை நீண்டிருந்தது. ஆறு பெண்களும் கைப்பையை இடுக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். காவலாள் என்னவென்று கேட்டதற்கு, “ஃபோட்டோ எடுக்கணும்” என்றார் அக்கா.

முதலில் குள்ளமான பெண்ணின் முறை. தொப்பிக்காரன் சிரித்தபடி தோளோடு தோள் நின்றான். அவர் கேமராவைப் பார்த்துக்கொண்டே, “அந்தக் கிளிப்பை எடுத்துடு தம்பி” என்றார். அவனுக்குப் புரியவில்லை. அடுத்தது கண்ணாடிக்காரம்மா. அவரும் கேமராவைப் பார்த்தபடி, “அந்தக் கிளிப்பை எடுத்துடு தம்பி” என்றார். மூன்றாமவர் சொன்னபோது அவன் முகத்தில் சிரிப்பு கோணியது. ஐந்தாவது ஆளாக நெட்டையக்கா போனார். அவன் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. அவர் கேமராவைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தார்.

“நீ சிரிச்சியே, அந்தக் குடிகாரன் பொண்டாட்டி நான்தான். ஆயிரம் பேர் முன்னாடி சிரிச்சே. இப்ப சிரி.”

கூட்டத்தில் பாதிப் பேர் போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டான். “அது… சும்மா ஜாலிக்குங்க…” என்றான்.

“எனக்கு ஜாலியா இல்ல” என்றார் நெட்டையக்கா.

கடைசியாக அக்கா. வழியெல்லாம் என்னென்னவோ சொல்லப்போவதாகப் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தவர், அவன் முன்னால் நின்று, “எடுத்துடு” என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். இதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினாலும் அது நெட்டையின் வீட்டைத்தான் சுடும் என்று பயந்ததாகப் பிறகு என் மனைவியிடம் சொன்னாராம்.

கிளிப்பை எடுத்துவிட்டான். மற்றவர்கள் வைத்திருந்த நகல்கள் இன்னும் எங்கோ சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. ‘போர் அடிக்காத தெரு’வை அவன் எடுக்கவில்லை, இன்றும் விற்கிறான். அந்தப் பெயரைக் கேட்டாலே அக்காவுக்கு நெற்றி நரம்பு புடைக்கிறது. ஆஸ்பத்திரியின் அடித்தளம் இப்போது வண்டி நிறுத்துமிடம். நெட்டையக்காவின் மகன் வேறு இடத்தில் வேலைக்குச் சேர்ந்தான். அக்காவும் கண்ணாடிக்காரம்மாவும் ஒரு மாணவர் விடுதியில் சலவை வேலைக்குப் போகிறார்கள். அங்கே மேற்பார்வையாளருக்கும் அக்காவுக்கும் ஆகவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கம்ப்யூட்டர் மேல் கிடந்த துண்டை எடுத்தது நெட்டையக்காதான். ஒரு விடுமுறை நாளில் வந்தவர், நாற்காலியில் உட்கார்ந்து, “இப்ப என்கிட்ட கேளு” என்றார்.

“என்ன கேக்கணும்?” என்றார் அக்கா.

“அந்தத் தெருவுல நான் என்னவா இருக்கணும்னு கேளு.”

அக்கா கேட்டார். “என்னவா இருக்கணும்?”

“எதுவாவும் இருக்க வேணாம். எனக்கு வேலையே வேணாம். நான் சும்மா இருக்கணும். காலையில லேட்டா எந்திரிக்கணும்.”

“சும்மா இருந்தா உனக்கு யாரு சோறு போடுவா? தெருவுல காசு எங்கேர்ந்து வரும்?”

“கட்டினது நீதானே? கண்டுபிடி.”

அந்த ஒன்றைக் கண்டுபிடிக்க அக்கா பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. வேலை செய்து ஓய்ந்தவருக்கு மாதாமாதம் ஒரு தொகை என்று வைத்தார். சலவைக் கூலியிலிருந்து பிடித்தால் ரோலரில் நிற்கும் புது ஆள் பட்டினி. ரொட்டி விலையில் ஏற்றினால் பள்ளிக்கூட வாத்தியார் பட்டினி. தெரு மறுபடி மறுபடி படுத்தது. நெட்டையக்கா பக்கத்தில் உட்கார்ந்து, “என் காசு இன்னும் வரல” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் அக்கா வாடகையில் கை வைத்தார். வீட்டுக்காரர் வாங்கும் வாடகையில் ஒரு பங்கு, ஓய்ந்தவர்களுக்கு.

தெரு நின்றது. கூடவே வேலை நேரத்தையும் குறைத்தார். சலவைக்கூடத்தில் புதிதாக இரண்டு பேர் சேர்ந்தார்கள். நெட்டையான உருவம் வெயில் நன்றாக ஏறிய பிறகும் போர்வைக்குள் கிடந்தது. நெட்டையக்கா அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை.

அப்போது திரையின் ஓரத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. என் மகள் படித்தாள். “பெரியம்மா, வீட்டுக்காரருக்குத் திருப்தி இல்லையாம். இப்படியே போனா தெருவை விட்டுப் போயிடுவேன்னு சொல்றாரு.”

“போகட்டும்” என்றார் அக்கா, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல். “வீட்டையெல்லாம் தலையில தூக்கி வெச்சுக்கிட்டா போவான்?”